கழுத்துல இருக்கறது அழுக்கு இல்ல, டப்பாவுல இருக்கறது மருந்தும் இல்ல

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல இருந்தவங்க, இப்ப தாமானுக்கு வந்துட்டோம். வீட்டுக்காரரு செம்பனைல பழம் வெட்றாரு, நான் பேக்டரி. எனக்கு வயசு 38, ரெண்டு கன்னத்துலயும் மங்கு. மகளுக்கு 15, மூஞ்சி பூரா பரு, அதோட கழுத்து பின்னால கருப்பு, மாமியார் கடல மாவு போட்டு தேச்சு தேச்சு பார்த்துட்டாங்க போகல. கூட வேல செய்ற பொண்ணு ஒரு பகல் கிரீம் நைட் கிரீம் செட் வாங்கி குடுத்துச்சு, நானும் மகளும் ரெண்டு மாசமா போடறோம். மொத ரெண்டு வாரம் சூப்பர், எல்லாரும் கேட்டாங்க என்ன போடறன்னு. இப்ப ஒரு நாள் விட்டாலும் மூஞ்சி எரியுது செவக்குது. வீட்டுக்காரருக்கு தொட இடுக்குல வட்ட வட்டமா அரிப்பு. மாமியாருக்கு இனிப்பு நீரு, காலு வறண்டு ராவுல சொறிஞ்சிக்கிட்டே இருக்காங்க. காசு ரொம்ப ஆகாம தினம் என்ன செஞ்சா வீட்டுல எல்லாருக்கும் தோல் நல்லா இருக்கும்? எந்த சோப்பு நல்லது? கொலாஜன் பவுடர் 180 வெள்ளின்னு தோழி விக்கிறா, வாங்கலாமா?

பதில்:

வணக்கம் தங்கச்சி. நீங்க கேட்டது தினம் என்ன போடலாம்னு, ஆனா நான் மொதல்ல சொல்லப் போறது எத நிறுத்தணும்னு. பார்மசி கவுண்டர்ல நிக்கிற எனக்கு தெரிஞ்ச வரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு தோல் கெட்டுப் போறது ஏதும் போடாததால ரொம்ப கம்மி, போட்டதால தான் ஜாஸ்தி. தேய்க்கறது, சுரண்டறது, எலுமிச்ச பூசறது, பேர் தெரியாத கிரீம் தடவறது, அடுத்த வீட்டு அக்காவுக்கு டாக்டர் குடுத்த மருந்த கடன் வாங்கி போடறது, இதெல்லாம் விட்டாலே பாதி வேல முடிஞ்சிடும், அதுக்கு ஒரு காசு செலவு கிடையாது.

சரி, அந்த செட்டுக்கு வர்றேன், உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப கவலையா இருந்தது அது தான்.

இந்த மாதிரி டப்பா எங்கிட்ட நெறைய வரும். சின்ன வெள்ள டப்பா, மூடி தங்க கலர், உள்ள மஞ்சளா கெட்டியா ஒரு கிரீம், லேசா ஒரு இரும்பு வாசன இல்லன்னா அத மறைக்கறதுக்கு தூக்கலான ரோஜா வாசன. லேபிள்ல ஏதோ பாஷைல எழுத்து, என்ன போட்டிருக்காங்கன்னு ஒரு வரி இருக்காது, கம்பெனி அட்ரஸ் இருக்காது, ஆனா "7 நாள்ல பலன்"னு மட்டும் பெருசா இருக்கும். உங்க டப்பா நான் பாக்கல, அதனால உள்ள என்ன இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நீங்க சொன்ன கதை (மொத ரெண்டு வாரம் பளபளன்னு, அப்புறம் விட்டா எரிச்சல்) அப்படியே ஸ்டீராய்டு கலந்த கிரீமோட கதை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய சுருக்கும், வீக்கத்த அமுக்கும், அதனால பரு அமுங்கிடும், செவப்பு போயிடும், மூஞ்சி வெளுத்த மாதிரி தெரியும். நல்லா ஆன மாதிரி தெரியுதே தவிர நல்லா ஆகல. நாளாக ஆக தோலு மெலிசா போகும், கன்னத்துல சின்ன சின்ன செவப்பு நரம்பு தெரிய ஆரம்பிக்கும், புது பரு ஒரே சைஸ்ல கொத்து கொத்தா வரும், முடி கூட வளரும், நிறுத்தினா அமுக்கி வச்சது எல்லாம் ஒண்ணா கிளம்பும். அந்த எரிச்சல பாத்து பயந்து திரும்பவும் அதையே எடுத்து போடுவோம், அப்படித்தான் வருஷக்கணக்கா மாட்டிக்கிறாங்க.

அதவிட மோசம் பாதரசம். பழைய தெர்மாமீட்டர்ல இருக்குமே அதே சாமான் தான். தோலு கருப்பு நெறம் செய்ற வேலைய அது தடுக்கும், அதான் வெளுக்குது. ஆனா அது தோலோட நிக்காது, உள்ள போயி கிட்னிய புடிக்கும். ஒண்ணுக்கு போனா நொர நொரயா நிக்கிறது, காலைல கண்ணு சுத்தி வீக்கம், காலு வீக்கம், இதெல்லாம் இருந்தா ஒரு நாள் கூட தள்ளாதீங்க. இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது, பாதரசம் ஆவியாகும், அதனால கிரீம் போட்டவங்களுக்கு மட்டும் இல்ல, அவங்க துண்டு, தலகாணி உறை, கன்னத்த ஒட்டி தூங்கற கொழந்த, எல்லாருக்கும் போய் சேரும். 2013ல உலக நாடுங்க போட்ட மினமாத்தா ஒப்பந்தம் அழகு கிரீம்ல பாதரசத்த ஒழிக்கணும்னு சொல்லுது, நம்ம மலேசியாவுலயும் தடை தான், ஆனா பாசார் மாலாம்லயும் போன்லயும் இன்னும் விக்கிறாங்க, நாமளும் வாங்கறோம்.

எப்படி பாக்கறதுன்னு சொல்றேன். நம்ம நாட்டுல சட்டப்படி விக்கிற அழகு சாமான் எதுக்கும் சுகாதார அமைச்சுல மருந்து, அழகு சாமான் எல்லாம் கண்காணிக்கிற என்பிஆர்ஏ கிட்ட ஒரு அறிவிப்பு நம்பர் இருக்கும், என்ஓடின்னு மூணு எழுத்துல ஆரம்பிச்சு நடுவுல எண்ணு, கடைசில கே. என்பிஆர்ஏ வெப்சைட்ல அந்த நம்பர போட்டு தேடுங்க, வர்ற பேரும் உங்க டப்பா பேரும் ஒண்ணா இருக்கணும், ஏன்னா இன்னொரு கிரீமோட நம்பர திருடி ஒட்டறவங்களும் இருக்காங்க. நம்பர் இருந்துட்டா நூத்துக்கு நூறு நல்லதுன்னும் நெனச்சிராதீங்க. அது கம்பெனியே "நான் இத விக்கிறேன்"னு அறிவிக்கிற நம்பர் தான், அப்புறமா தான் அதிகாரிங்க கடைல இருந்து எடுத்து சோதிச்சு பாத்து பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் (இது ஒரு ஸ்டீராய்டு) இந்த மாதிரி அழகு கிரீம்ல இருக்கக் கூடாத சரக்கு இருந்தா ரத்து பண்ணுவாங்க. ரத்தான பேரையும் வெளியிடறாங்க, அதையும் பாருங்க. நம்பரே இல்லன்னா பேச்சே இல்ல, வாங்காதீங்க.

இப்ப நீங்களும் மகளும் என்ன செய்யணும்? இன்னிக்கே நிறுத்துங்க. நிறுத்தினா மூஞ்சி மோசமாகும், அத நான் மறைக்கல, செவக்கும், எரியும், பரு பொங்கும், சில வாரம் இருக்கும். அதுக்காக கடைல போயி வேற "செவப்பு கொறைக்கிற கிரீம்" வாங்கி போட்டீங்கன்னா அதுவும் ஸ்டீராய்டா இருந்தா பழைய கதை தான். டப்பாவ ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துக்கிட்டு இந்த வாரமே ரெண்டு பேரும் கவர்மெண்ட் கிளினிக்குக்கு போங்க, 1 வெள்ளி தான, டாக்டர்கிட்ட ரெண்டு மாசம் போட்டேன்னு வெக்கப்படாம சொல்லுங்க. ஒண்ணுக்கு டெஸ்ட்டும் கேளுங்க. தேவைப்பட்டா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டருக்கு லெட்டர் எழுதி குடுப்பாங்க. அது வரைக்கும் மூஞ்சிக்கு வெறும் தண்ணி, வாசன இல்லாத ஒரு சாதா மாய்ஸ்சரைசர், வெயில்ல போகாம இருக்கறது, அவ்ளோ தான். டப்பா குடுத்த பொண்ணு மேல கோவப்படாதீங்க, அதுவும் போட்டுக்கிட்டு தான் இருக்கும், அதையும் கூட்டிக்கிட்டு போங்க.

அடுத்து மகளோட கழுத்து. மாமியார நான் கொற சொல்லல, நம்ம வீடுங்கள்ல கழுத்து கருப்புன்னா அழுக்குன்னு தான் நெனப்போம், பீர்க்கங்கூட வச்சி தேய்க்காத பாட்டி உண்டா? ஆனா ஒரு தடவ விரல வச்சி தடவி பாருங்க. வெல்வெட் துணி மாதிரி கொஞ்சம் தடிப்பா, வரி வரியா இருக்கா? அக்குள்லயும் அப்படி இருக்கா? அப்படின்னா அது அழுக்கே இல்ல. ஒடம்புல இன்சுலின் ஒழுங்கா வேல செய்யாதப்ப ஒடம்பு இன்னும் ஜாஸ்தியா இன்சுலின் சொரக்கும், அந்த ஜாஸ்தி இன்சுலின் தோலு செல்லுங்கள வேகமா வளர வைக்கும், மடிப்பு இருக்கற எடத்துல தடிச்சு கருக்கும். சுருக்கமா சொன்னா கழுத்து வெளியில இருக்கற தோலு, காரணம் உள்ள. அத தேய்க்க தேய்க்க எரிச்சலாகி இன்னும் கருக்கும், நம்ம தோலுக்கு அது ஒரு கொணம், எங்க காயம் பட்டாலும், பருவ கிள்ளினாலும், கொசு கடிச்சத சொறிஞ்சாலும் ஒரு கருப்பு முத்திரைய வச்சிட்டு தான் போகும்.

பாட்டிக்கு இனிப்பு நீரு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நம்ம நாட்டுல 2023 சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீரு, ஏறக்கொறைய 6 பேர்ல 1 ஆளு, அதுலயும் நம்ம இந்தியருங்க தான் முன்வரிசைல நிக்கிறோம். அதனால மகள கிளினிக் கூட்டிப் போறப்ப கழுத்தையும் காட்டி ரத்தத்துல சீனி டெஸ்ட் பண்ண சொல்லுங்க. மாதவிடாய் ஒழுங்கா வருதா, மொகவாயில முடி வளருதா, எட கூடுதான்னு டாக்டர் கேட்டா பாப்பா கூச்சப்படாம சொல்லட்டும், ஏன்னா பருவும் கழுத்து கருப்பும் மாசம் தவறறதும் சேர்ந்தா பிசிஓஎஸ்னு ஒரு ஹார்மோன் கோளாறு இருக்கலாம், அதுக்கு வைத்தியம் வேற. கழுத்துக்கு நல்ல கிரீம் எதுன்னு எங்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, மைலோ ஐஸ், தே தாரேக், கேண்டீன்ல கலர் தண்ணி, இத நிறுத்தி சாயங்காலம் கொஞ்சம் ஓடச் சொல்லுங்கன்னு தான். எட கொறஞ்சி சீனி அடங்குனா கழுத்தும் மெல்ல மெல்ல வெளுக்கும், மாசக்கணக்காகும். பிள்ளைய மட்டும் தனியா பட்டினி போடாதீங்க, வீட்டுக்கே சீனிய கொறைங்க. அவ முன்னாடி "கழுத்த பாரு அசிங்கமா"ன்னு யாரும் சொல்லவும் வேணாம்.

பருவுக்கு தனியா ரெண்டு வார்த்த. டாக்டர் பாத்து மூஞ்சி எரிச்சல் அடங்குன பிறகு, பென்சாயில் பெராக்ஸைடு ஜெல் 2.5 இல்லன்னா 5 சதவீதம், பார்மசில கிடைக்கும், ராத்திரி மெல்லிசா. ஒரு எச்சரிக்க, அது துணிய வெளுத்துடும், பினஃபோர் காலர், கலர் துண்டு, தலகாணி உறை எல்லாம் திட்டு திட்டா ஆகி அப்புறம் என்னை திட்டாதீங்க, வெள்ள உறையா போட்டுக்கோங்க. பலன் தெரிய 6லேருந்து 8 வாரம் ஆகும், ரெண்டு வாரத்துல வேல செய்யலன்னு தூக்கி போடறது தான் எல்லா பொண்ணுங்களும் செய்றது (டப்பா கிரீம் ஒரு வாரத்துல வேல செஞ்சதால வந்த பழக்கம் அது). தலைக்கு தேங்கா எண்ணெய் தாராளமா வச்சி சடை பின்னிட்டு ஸ்கூல் போற பிள்ளைங்களுக்கு நெத்தி ஓரமா பொடி பொடியா பரு வரும், வேர்வையோட எண்ணெய் எறங்கறது தான் காரணம். எண்ணெய் வைக்க வேணாம்னு சொல்லல, ராத்திரி வச்சி காலைல அலசிடுங்க. பருவ கிள்ளக்கூடாது. மூஞ்சி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கழுவினா போதும், வேர்த்தா மூணு.

உங்க மங்குக்கு வர்றேன். மங்கு வெயிலும் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து செய்ற வேல. குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை சாப்பிட்டா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதால கூட ஜாஸ்தியாகும். அடுப்பு சூடும் ஆகாது. சுத்தமா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கொறைக்கலாம், அடக்கி வைக்கலாம், வெயில்ல விட்டா திரும்ப வரும். நாம இருக்கற எடம் பூமத்திய ரேகைல இருந்து அஞ்சு டிகிரி கூட இல்ல, வருஷம் பூரா ஒரே வெயில், மேகமா இருந்தாலும் யுவி (புற ஊதா) கதிர் வரும். மோட்டோல வேலைக்கு போறீங்கன்னா ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விடுங்க, நம்ம ஊரு பாணில ஜாக்கெட்ட முன்ன பின்ன மாத்தி போட்டுக்கிட்டா கைக்கு அது தான் நல்ல சன்ஸ்கிரீன்.

மூஞ்சிக்கு சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயில தடுக்கற அளவு) 30க்கு மேல, ஆள்காட்டி விரல் நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கினா மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும். நெறைய பேரு பொட்டு பொட்டா வச்சி தடவிட்டு போட்டாச்சுன்னு நெனைக்கிறாங்க, அது எஸ்பிஎஃப் 50 போட்டு 10 வேல செய்ற கதை தான். அவ்ளோ போட்டா 50 மில்லி டியூப்பு சீக்கிரம் தீந்துடும், அதனால 90 வெள்ளி பிராண்டு வாங்கி கஞ்சத்தனமா போடறதவிட 25 வெள்ளிக்கு வாங்கி தாராளமா போடறது மேல். மங்கு இருக்கறவங்களுக்கு தோல் கலர்ல வர்ற வகை இன்னும் நல்லது, அதுல இருக்கற இரும்பு ஆக்சைடு கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்க அந்த வெளிச்சமும் தூண்டும். வெளியில நின்னா ரெண்டு மணிக்கு ஒரு தடவ. பேக்டரிக்குள்ளயே இருந்தா காலைல ஒண்ணு, வீட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. மோட்டோ சீட்டுக்கு அடில போட்டு வைக்காதீங்க, அந்த சூட்டுல கெட்டுடும்.

எலுமிச்சயும் பேக்கிங் சோடாவும் பூசலாமான்னு நீங்க கேக்கல, ஆனா மாமியார் அடுத்தது அத தான் சொல்லுவாங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன், வேணாம். வெள்ளிக்கிழம ராகு காலத்துல துர்க்கைக்கு எலுமிச்ச மூடி வெளக்கு போடறோம் இல்லையா, பத்தரைக்கு ஆரம்பிச்சு 12 மணிக்கு ராகு காலம் முடியும், பழத்த பிழிஞ்ச கையோட நடு வெயில்ல வீட்டுக்கு நடந்து வந்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு "அக்கா கைல எண்ணெய் தெறிச்ச மாதிரி கொப்புளம், ஆனா நான் சமைக்கவே இல்ல"ன்னு வருவாங்க. சாறு வழிஞ்ச தாரை அப்படியே கோடு கோடா தெரியும். எலுமிச்ச சாறுல இருக்கற ஒரு பொருளு வெயில் படறப்போ தோல சுட்டுடும், அப்புறம் அந்த கோடு கருப்பா மாசக்கணக்கா நிக்கும். வெளக்கு போடுங்க, சோப்பு போட்டு நல்லா கை கழுவிட்டு வெயில்ல எறங்குங்க. அதையே மூஞ்சில பூசினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. சாமி விஷயம் வந்ததால இன்னொண்ணு, ஒட்டுப் பொட்டு வைக்கிற எடத்துல வெள்ளயா ஒரு புள்ளி வந்தா அன்னிக்கே நிறுத்துங்க, பொட்டு பின்னால இருக்கற பசைல ஒரு ரசாயனம் சில பேருக்கு நெறத்தையே எடுத்துடும்.

வீட்டுக்காரர் அரிப்பு, நீங்க எழுதினத பாத்தா படர்தாமரை மாதிரி தெரியுது, ஓரம் செவப்பா ஏறி நடுவுல தெளிஞ்சிருந்தா பெரும்பாலும் அது தான். காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல பேரு கூப்பிடறதுக்கு) போனவரு மதியம் வரைக்கும் அதே நனஞ்ச சிலுவாரோட, இறுக்கமான ஜட்டியோட, ரப்பர் பூட்ஸோட இருக்காரு, பூஞ்சைக்கு அதவிட சொகமான எடம் கிடைக்காது. க்ளோட்ரிமசோல் கிரீம் பார்மசில கிடைக்கும், காலைலயும் ராத்திரியும், வட்டத்துக்கு வெளியில ரெண்டு விரல் அகலம் வரைக்கும் சேர்த்து பூசணும், அரிப்பு நின்ன பிறகும் ரெண்டு வாரம். ஆம்பளைங்க எல்லாரும் அரிப்பு நின்ன அன்னிக்கே நிறுத்திடறாங்க, அடுத்த மாசம் திரும்ப வர்றாங்க. கடைல "எல்லா அரிப்புக்கும்"னு விக்கிற மூணு மருந்து கலந்த கிரீம் வேணாம், அதுலயும் ஸ்டீராய்டு இருக்கும், வட்டம் மறஞ்ச மாதிரி இருந்து உள்ளுக்குள்ள பரவும், அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆயிடும். பாருங்க, உங்க மூஞ்சி கதையும் அவரு தொட கதையும் ஒரே வில்லன் தான்.

வேலைக்கு போறப்ப ஒரு ஜட்டியும் ஒரு சின்ன துண்டும் கூடுதலா பையில வச்சி விடுங்க, பசியாற ஒக்கார்ற நேரத்துல தொடச்சிட்டு மாத்திக்கட்டும். துண்டு ஆளுக்கு ஒண்ணு, வெயில்ல காயட்டும். பூட்ஸ்ல ராத்திரி பழைய பேப்பர் திணிச்சு வச்சா ஈரத்த இழுத்துடும். மருந்து அடிக்கிற வேல, ஒரம் போடற வேல செய்ற நாள்ல கையுறையும் முழுக்கையும் கண்டிப்பா போடணும், வேல முடிஞ்சதும் அங்கேயே சோப்பு போட்டு கழுவிட்டு வரணும், அந்த துணிய பிள்ளைங்க துணியோட சேர்த்து மெஷின்ல போடாதீங்க. பாராகுவாட்ட 2020 ஜனவரி 1லேருந்து நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க, அதனால மத்ததெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு சில பேரு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. கையில ஒட்டுன கறைய எடுக்க மண்ணெண்ணெய், குளோரோக்ஸ்னு போட்டு தேய்க்கிறதும் வேணாம், கொஞ்சம் சமையல் எண்ணெய தடவி ஊற விட்டு அப்புறம் சோப்பு போட்டா வந்துடும். மட்ட முள்ளு குத்துனா உள்ள விட்டு வைக்காம எடுக்கணும், வீங்கி சூடா வலிச்சா கிளினிக்.

மாமியார் விஷயத்துக்கு கொஞ்சம் பொறுமை வேணும். வயசானா தோலுல எண்ணெய் சொரக்கறது கொறையும், இனிப்பு நீரு இருந்தா இன்னும் வறளும். தோலோட மேல் அடுக்க அத்தாப்புக் கூரை மாதிரி நெனச்சுக்கோங்க, ஓலை மேல ஓலையா அடுக்கி நடுவுல எண்ணெய் பசை புடிச்சி வச்சிருக்கு. சூடு தண்ணியும் நொரை சோப்பும் அந்த பசைய கழுவி விட்டுடும், ஓலை தூக்கிக்கும், ஈரம் வெளிய போகும், அரிக்கும். அவங்க என்ன செய்வாங்கன்னா அரிப்பு நல்லா அடங்குதுன்னு கொதிக்கற தண்ணிய கால்ல ஊத்துவாங்க, அப்ப சொகமா இருக்கும், ராத்திரி ரெண்டு மடங்கு அரிக்கும். இனிப்பு நீரு காலுக்கு சூடு சரியா தெரியாது வேற, கொப்புளம் போட்டா கூட காலைல தான் பாப்பாங்க. அதனால சாதா தண்ணி, சோப்பு அக்குள், தொட இடுக்கு, பாதம் இங்க மட்டும், கை கால் முதுகுக்கு தண்ணி போதும். துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். தோலு இன்னும் லேசா ஈரமா இருக்கறப்பவே, குளிச்ச மூணு நாலு நிமிஷத்துக்குள்ள எண்ணெயோ கிரீமோ பூசிடணும், நல்லா காஞ்ச பிறகு பூசினா பாதி பலன் தான்.

கிளினிக்ல குடுக்கற அக்குவஸ் கிரீம் ஒவ்வொருத்தர் வீட்டுலயும் டப்பா டப்பாவா கெடக்கும். அத சோப்புக்கு பதிலா தேச்சு கழுவி விடறதுக்கு வச்சுக்கோங்க, பூசி விட்டுட்டா சில பேருக்கு எரியும், ஏன்னா அதுல நொரை வர்ற சரக்கு கொஞ்சம் இருக்கு. பூசறதுக்கு எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் இல்லன்னா யூரியா கிரீம் கேட்டு வாங்குங்க, வெடிச்ச குதிகாலுக்கு யூரியா நல்லா கேக்கும், புண்ணு இருக்கற எடத்துல மட்டும் போடாதீங்க எரியும். சுத்தமான தேங்கா எண்ணெயும் வறண்ட காலுக்கு நல்லது தான், மூஞ்சிக்கும் தேமல் இருக்கற எடத்துக்கும் வேணாம். கால் விரல் இடுக்குல எதையும் பூசாதீங்க, அங்க ஈரம் தங்கினா சேத்துப்புண்ணு. தினம் ராத்திரி நீங்களோ மகளோ அவங்க பாதத்த வெளிச்சத்துல திருப்பி பாருங்க, அவங்களுக்கு குனிஞ்சி பாக்க முடியாது. இவ்ளோ செஞ்சும் ரெண்டு மூணு வாரத்துல அரிப்பு அடங்கலன்னா அது வறட்சி மட்டும் இல்ல, கிட்னி, ஈரல், சீனி கணக்கு எல்லாம் ஒரு தடவ பாக்க சொல்லுங்க. ராத்திரி வீட்டுல எல்லாருக்குமே அரிக்க ஆரம்பிச்சு விரல் இடுக்குல பொடி பொடியா வந்தா அது சொறி பூச்சி, அப்ப வீடு மொத்தமும் ஒரே நாள்ல மருந்து போடணும்.

சோப்பு எதுன்னு கேட்டீங்க. தோலோட புளிப்பு அளவு பிஎச் 5 கிட்ட, சாதா கட்டி சோப்பு 9, 10, அதனால எந்த கட்டி சோப்பும் வறள வைக்கும், கிருமிய கொல்லும்னு எழுதின சோப்பு நல்லா இருக்கற ஒடம்புக்கு தேவையே இல்ல. உங்க வீட்டுக்கு வாசன கம்மியான, மென்மையானதுன்னு போட்ட லிக்விட் சோப்பு பெரிய பாட்டில் ஒண்ணு போதும், எல்லாருக்கும். இந்த வெக்கைல ரெண்டு மூணு தடவ குளிக்கறது தப்பில்ல, ஒவ்வொரு தடவயும் ஒடம்பு பூரா சோப்பு போடறது தான் தப்பு. அவ்ளோ தான், சோப்புக்கு இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

இதுக்கெல்லாம் நடுவுல கவனிக்க வேண்டியது சிலது இருக்கு, எங்கயாவது வெளுத்த திட்டு வந்து அங்க தொட்டா உணர்ச்சி தெரியல, பாதத்துலயோ நகத்துக்கு அடிலயோ கருப்பு புள்ளி பெருசாகிக்கிட்டே போகுது, ஒரு மாசமா ஆறாத புண்ணு, இதுல எது இருந்தாலும் பார்மசிக்கு வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.

காசு கணக்கு பாத்தா லிக்விட் சோப்பு, சன்ஸ்கிரீன், க்ளோட்ரிமசோல், மகளுக்கு ஜெல்லு, மத்தது கிளினிக்லயே கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் உங்க தோழி விக்கிற ஒரு டப்பா கொலாஜன் வெலைய தாண்டாது. அந்த பவுடர் வேணாம் தங்கச்சி. கொலாஜன் சாப்பிட்டா வயித்துல செரிச்சு மத்த புரதம் மாதிரி துண்டு துண்டா தான் போகும், நேரா கன்னத்துக்கு போயி ஒட்டாது, முட்டையும் பருப்பும் மீனும் சாப்பிடற வீட்டுக்கு 180 வெள்ளிக்கு அது தேவையில்ல. தோழிகிட்ட அக்கா வேணாம்னு சொன்னாங்கன்னு என் மேலயே பழிய போட்டுடுங்க.

அந்த கிரீம் டப்பாவ டாக்டர் பாத்த பிறகு குப்பையோட சேர்த்து பின்னால போட்டு எரிச்சிராதீங்க, பாதரசம் இருந்தா பொகையில கெளம்பும், கால்வாய்லயும் கழுவி விடாதீங்க. மூடிய இறுக்கி, பையில கட்டி, என்ன செய்யறதுன்னு கிளினிக் பார்மசிலயே கேட்டு அங்கேயே குடுத்துடுங்க. ரெண்டு மாசமா பயன்படுத்தின தலகாணி உறையையும் மூஞ்சி தொடச்ச துண்டையும் மாத்திடுங்க.